பெருங்காய டப்பாவும் டைட்டானியமும்

அமெரிக்காவிலிருந்து லீவுக்கு வந்த என் அண்ணா பிள்ளை, பெட்டியைத் திறந்து, காலுறைக்குள் சுருட்டி வைத்திருந்த ஒரு சாமானை எடுத்து ஊஞ்சல்மேல் வைத்தான். பித்தளை. உள்ளங்கையில் அடங்குகிற அளவு. விளிம்பைச் சுற்றி வரிசையாகப் பொடி ஓட்டைகள், மேலே ஒரு திருகு மூடி.

அத்தைக்கு எண்பத்தாறு வயசு. மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தாள். "திருவாராதன வட்டில் மாதிரின்னா இருக்கு. இதுல எதுக்குடா ஓட்டை?"

"அடுப்பு, அத்தைப்பாட்டி. சாராயத்தை ஊத்திப் பத்த வைக்கணும்."

அத்தை கண்ணாடியைக் கழற்றிவிட்டாள். ஸ்ரீரங்கத்தில் ஒருவர் கண்ணாடியைக் கழற்றினால் அந்தப் பொருள் அந்த வீட்டில் இல்லை என்று அர்த்தம்.

பிள்ளையாண்டான் விடவில்லை. இன்னும் இரண்டு எடுத்தான். ஒன்று டைட்டானியம், சாம்பல் நிறம், வாங்கின விலையைச் சொல்லாமல் மழுப்பினான். இன்னொன்று கோலா டப்பாவின் அடிப்பாகங்கள் இரண்டை வெட்டி ஒன்றுக்குள் ஒன்று சொருகி அவனே செய்தது. பித்தளை சுமார் 110 கிராம், ஒரு பெரிய வாழைப்பழம். டைட்டானியம் 35 கிராம் சொச்சம். கோலா டப்பா 14 கிராம், இரண்டு கொட்டைப்பாக்கு. அங்கே அப்பலாச்சியன் பாதை என்று 3,500 கிலோமீட்டருக்கு ஒன்று இருக்கிறதாம். முதுகில் மூட்டையோடு மாசக்கணக்கில் அதில் நடக்கிறவர்கள் ஒவ்வொரு கிராமுக்கும் அழுவார்களாம். பல்துலக்கும் பிரஷ்ஷின் காம்பைப் பாதியாக ஒடித்துக்கொண்டு போகிறவர்கள் உண்டாம். பல்லையே கழற்றி வைத்துவிட்டுப் போகலாமே என்று அத்தை கேட்டாள். அவளுக்கு அந்த வசதி இருக்கிறது.

இதோடு விட்டிருந்தால் நான் பாட்டுக்கு இருந்திருப்பேன். "நம்ம ஊர்ல இந்த மாதிரி நடக்கற பழக்கமே கிடையாது இல்ல, சித்தப்பா?" என்றான். ரங்க விலாச மண்டபத்திலிருந்து கூப்பிடுகிற தூரத்தில் உட்கார்ந்துகொண்டு இதைக் கேட்கலாமா?

நடக்கிற பழக்கமா? 1323-ல் இந்த ஊர்ப் பெருமாளே கிளம்பி நடந்திருக்கிறார். தில்லியிலிருந்து உலூக் கான் படையோடு வருகிறான் என்று செய்தி வந்ததும், மூலவருக்கு முன்னால் கல் சுவர் எழுப்பிவிட்டு, உற்சவரான நம்பெருமாளை எடுத்துக்கொண்டு பிள்ளை லோகாசாரியர் ஒரு சிறு கூட்டத்தோடு புறப்பட்டார். ஆசாரியருக்குத் தள்ளாத வயசு. மதுரைப் பக்கம் ஜோதிஷ்குடியிலேயே அவர் பரமபதித்துவிட்டார். மற்றவர்கள் நடந்தார்கள். அழகர்மலை, மலையாளக் கரை, மேல்கோட்டை, திருமலை, செஞ்சி. திரும்பி வந்து சேர்ந்தது 1371-ல். நாற்பத்தெட்டு வருஷம். அப்பலாச்சியன் பாதையை ஆறு மாசத்தில் முடித்துவிட்டு சட்டையில் பட்டை குத்திக்கொள்கிறவர்கள் இந்தக் கணக்கைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

வழியில் தளிகை எப்படி நடந்தது என்பது என் கவலை. வேளாவேளைக்குக் கண்டருளப்பண்ண வேண்டும். காடாயிருந்தாலும் மலையாயிருந்தாலும் பெருமாளுக்கு, 'இன்னிக்கு வெறும் பிஸ்கட்' என்று சொல்ல முடியாது. வெண்கலப் பானை தூக்கினால் ஆள் செத்தான். இந்த இடத்தில்தான் ஸ்ரீரங்கத்து மடப்பள்ளியின் மூளை தெரிகிறது. இங்கே தளிகை மண்பானையில். புதுப் பானை, ஒரு தடவை, அப்புறம் கழித்துவிட வேண்டியதுதான். இதை எல்லாரும் ஆசாரம் என்கிறார்கள். எனக்கென்னவோ இது எடைக் குறைப்பின் உச்சம் என்று படுகிறது. குயவர் இல்லாத ஊர் அந்நாளில் ஏது? போன இடத்தில் பானை வாங்கு, மூன்று கல்லைக் கூட்டு, பொங்கு, உடைத்துப்போடு, வெறுங்கையோடு நட. சுமந்த பாத்திரத்தின் எடை சைபர் கிராம். டைட்டானியம் எந்த மூலைக்கு?

திரும்பி வந்தபோது ஒரு வேடிக்கை. போனவர் வருவார் என்று எவ்வளவு காலம்தான் காத்திருப்பது? ஊரில் இன்னொரு உற்சவரை எழுந்தருளப்பண்ணி நடத்திக்கொண்டிருந்தார்கள். இப்போது இரண்டு விக்கிரகங்கள். எது அசல்? முன்பு பார்த்தவர்களில் மிஞ்சினவர் ஒரு வயசான ஈரங்கொல்லி, பெருமாள் வஸ்திரம் துவைத்தவர். அவருக்கும் கண் போய்விட்டது. இரண்டு பேருக்கும் திருமஞ்சனம் செய்து, ஈரவாடையைப் பிழிந்த தீர்த்தத்தை அவரிடம் கொடுத்தார்கள். வாயில் விட்டுக்கொண்டு, இவர்தான் நம்முடைய பெருமாள் என்று சொல்லிவிட்டார். அந்தப் பேரே நின்றது என்பது கதை. உலோகத்தை ஒப்பிடுவதில் இந்த ஊரின் முதல் ஆய்வுக்கூட முடிவு அது. தராசு இல்லை, உரைகல் இல்லை, வெறும் நாக்கு. எவரும் மேல்முறையீடு செய்ததாகத் தெரியவில்லை.

அடுத்த கூட்டம் சீமையிலிருந்து வந்தது. நடந்து வந்தது என்று சொல்வது தப்பு, பிறரை நடக்கவைத்து வந்தது. 1751-ல் ஆற்காட்டு நவாப் பட்டத்துக்குப் போட்டி. ஆங்கிலேயர் ஆதரித்த முகமது அலி திருச்சிக் கோட்டைக்குள். வெளியே சந்தா சாகிப்பும் பிரெஞ்சுக்காரர்களும். மலைக்கோட்டையை வைத்துக்கொண்டு இரு தரப்பும் முறைத்தன. கிளைவ் ஆற்காட்டுக்குப் போய் வேறு அடுப்பைப் பற்றவைக்க, லாரன்ஸ் மறு வருஷம் படையோடு இங்கே வந்தார். பிரெஞ்சுத் தளபதி லா என்ன செய்தார்? ஆற்றைத் தாண்டித் தீவுக்குள் வந்து, ஸ்ரீரங்கத்தையும் திருவானைக்காவையும் அரணாக்கிக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு பக்கம் காவேரி, ஒரு பக்கம் கொள்ளிடம், நடுவில் ஏழு சுற்று மதில். உள்ளே வருவது சுலபம், சாப்பாடு வருவதுதான் கஷ்டம் என்பது அப்புறம்தான் உறைத்தது. வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தில் மாட்டிக்கொண்ட வெளியூர்க்காரர்கள் எல்லாரும் கண்டறிந்த உண்மை அது. 1752 ஜூனில் சரணடைந்தார். சந்தா சாகிப் தலையையே கொடுத்தார்.

அந்தப் படைகளில் வெள்ளைச் சிப்பாய்களுக்குச் சாராயம் ரேஷன். பீப்பாய் பீப்பாயாக மாட்டு வண்டியில் வரும். சமையலுக்கோ விறகு. அதற்கும் மாட்டு வண்டி. சாராயத்தையே அடுப்பில் ஊற்றி எரித்திருந்தால் பாதி வண்டி மிச்சம், பாதி மாடு மிச்சம், ஒருவேளை யுத்தமே சீக்கிரம் முடிந்திருக்கும். ஆனால் எந்தச் சிப்பாய்க்கு அந்த மனசு வரும்? திருச்சியில் ஸ்பிரிட் அடுப்பின் சரித்திரம் முழுக்க இந்த ஒரு சிக்கல்தான். அடுப்பைக் கண்டுபிடிக்கிறவன் வருவதற்குள் தொண்டை முந்திக்கொள்கிறது.

1862-ல் நாகப்பட்டினத்திலிருந்து திருச்சிக்கு ரயில் வந்து சேர்ந்தது. அதுவரை காசிக்குப் போகிறவர் தன் வீட்டையே கூட எடுத்துக்கொண்டு போனார். சென்னையிலிருந்து 1830-ல் கிளம்பிய ஏனுகுல வீராசாமி, பல்லக்கும் பரிவாரமுமாக நூறு பேரைப்போலச் சேர்த்துக்கொண்டு போய் மறு வருஷம் திரும்பினார். ரயில் வந்ததும் பரிவாரம் போயிற்று, மடி மட்டும் மிச்சமிருந்தது. வெளியில் சாப்பிடக் கூடாது, ரயிலில் அடுப்பு மூட்டக் கூடாது. ஐயங்கார் வீடுகள் இந்த இரண்டு சட்டத்துக்கும் நடுவில் இருந்த இடுக்கில் நுழைந்து புளியோதரையைக் கொண்டுவந்து நிறுத்தின. அடுப்பு வேண்டாம், பாத்திரம் வேண்டாம், வாழையிலைப் பொட்டலம் போதும், நல்லெண்ணெயைத் தாராளமாக விட்டால் அடுத்த நாளும் தாங்கும். எடை குறைக்கிறேன் என்று சொல்லி அலைகிற இளசுகளிடம் நான் சொல்வது இதுதான்: இலேசான அடுப்பு என்பது வீட்டிலேயே விட்டுவிட்டு வந்த அடுப்பு.

இதை நிரூபித்தவர்களும் திருச்சியிலிருந்து கிளம்பினவர்கள்தான். 1930 ஏப்ரல் 13. கன்டோன்மென்ட்டில் டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன் வீட்டிலிருந்து ராஜாஜி தலைமையில் சுமார் நூறு பேர் வேதாரண்யத்துக்கு உப்பெடுக்கக் கிளம்பினார்கள். 150 மைல், பதினைந்து நாள். சித்திரை வெயில். தஞ்சாவூர்க் கலெக்டர் தார்ன் என்பவர் ஓர் உத்தரவு போட்டார்: இவர்களுக்குச் சோறோ தங்க இடமோ கொடுத்தால் ஜெயில். மூளையைக் கசக்கி யோசித்திருக்கிறார் பாவம். சோற்றைக் கொடுக்கக் கூடாது என்றுதானே உத்தரவு? கட்டித் தொங்கவிடக் கூடாது என்று இல்லையே? வழிநெடுக மரக்கிளைகளில் பொட்டலம் பொட்டலமாகச் சோறு தொங்கியது என்று சொல்வார்கள். காவேரி டெல்டாவில் புளியமரம் புளியோதரை காய்த்தது அந்த ஒரு வருஷம்தான். எத்தனை கிராம் அடுப்பு கொண்டுபோனார் ராஜாஜி? ஒரு கைத்தடி கொண்டுபோனார்.

அதே ராஜாஜிதான் ஏழு வருஷம் கழித்து இந்த அடுப்பின் கழுத்தில் கத்தி வைத்தார். 1937 அக்டோபரில் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு. 1948-ல் அது மாகாணம் பூராவும் பரவியது. அடுப்பு மூட்டாமலே 150 மைல் நடந்தவருக்கு ஸ்பிரிட் அடுப்புக்காரனின் துக்கம் எப்படிப் புரியும்?

குடிக்கிற சாராயத்தைத்தானே தடுத்தார்கள், எரிக்கிற ஸ்பிரிட்டுக்கு என்ன வந்தது என்று கேட்பீர்கள். குடிகாரன் புத்திசாலி. கடையில் சரக்கு இல்லை என்றதும் மேஜை நாற்காலிக்கு அடிக்கிற வார்னிஷை வாங்கினான். பிரெஞ்சு பாலிஷ் என்பது ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு. அரக்கைத் தெளியவைத்து மேலே நிற்பதைக் குடித்தான். திடீரென்று ஊரில் எல்லாருக்கும் மரச்சாமான் பராமரிப்பில் அக்கறை வந்தது. சர்க்கார் சும்மா இருக்குமா? 1959-ல் டினேச்சர்டு ஸ்பிரிட், மெத்தைல் ஆல்கஹால், வார்னிஷ் மூன்றையும் ஒரே கயிற்றில் கட்டி விதிகள் போட்டது. விதிகளின் பெயரிலேயே அடைப்புக்குறிக்குள் பிரெஞ்சு பாலிஷ் என்று இருக்கிறது. பிரான்சுக்கு இங்கே இரண்டாவது சரணாகதி.

இந்த இடத்தில் சிரிப்பைக் கொஞ்சம் நிறுத்த வேண்டும். மெத்தைல் ஆல்கஹால் என்கிற மெத்தனால் கண்ணை எடுக்கும், உயிரையும் எடுக்கும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அது கலந்த சாராயத்தைக் குடித்து அறுபது பேருக்குமேல் செத்தார்கள். ஆகவே அந்த விதியை நான் கிண்டல் செய்தாலும் மாற்றச் சொல்ல மாட்டேன்.

விதிக்கு நடுவிலும் எங்கள் காலத்தில் ஸ்பிரிட் நெருப்பை எல்லாரும் பார்த்திருக்கிறோம். டாக்டர் வீட்டுக் கம்பவுண்டர் ஒரு தகரப் பெட்டியில் ஊசியையும் கண்ணாடி சிரிஞ்சையும் போட்டு, கீழே ஸ்பிரிட் விளக்கு வைத்துக் கொதிக்கவிடுவார். நீல நெருப்பு, கடகடவென்று கண்ணாடி ஆடுகிற சத்தம். அந்தச் சத்தத்துக்கே பாதி ஜுரம் இறங்கிவிடும். இன்னொன்று பம்ப் ஸ்டவ். 1892-ல் ஸ்டாக்ஹோமில் லிண்ட்க்விஸ்ட் என்பவர் செய்த பிரைமஸ் சந்ததி. அது எரிவது மண்ணெண்ணெயில். ஆனால் கிண்ணியில் ஒரு ஸ்பூன் ஸ்பிரிட்டை எரித்துத் தலையைச் சூடுபடுத்தினால்தான் கிளம்பும். அப்புறம் பம்ப் அடிக்க வேண்டும், பின் குத்த வேண்டும், கெஞ்ச வேண்டும். ஸ்பிரிட் கிடைக்காத நாளில் மண்ணெண்ணெயையே கிண்ணியில் ஊற்றிப் பற்றவைத்து, கூரை வரைக்கும் கரி ஏற்றின வீடுகள் உத்தர வீதியில் எத்தனையோ.

எனக்குப் பன்னிரண்டு வயசில் அந்தக் கம்பவுண்டர் ஒரு அவுன்ஸ் ஸ்பிரிட் கொடுத்தார். ஏன் கொடுத்தார் என்பதை எழுத மாட்டேன், நான் செய்த உபகாரம் பெரிசு. காலி மைக்கூட்டில் திரி போட்டு விளக்கு செய்தேன். அதன்மேல் மூன்று செங்கல் துண்டு. பாத்திரம்? கைக்குக் கிடைத்தது பாட்டியின் ஈயச்சொம்பு. சாற்றமுது வைக்கிற சொம்பு, கும்பகோணத்தில் எடைபோட்டு வாங்கினது. விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: இது குழாய் பற்றவைக்கிற காரீயம் இல்லை, வெள்ளீயம். 232 டிகிரியில் உருகிவிடும். உள்ளே சாற்றமுது இருக்கிறவரை அது நூறு டிகிரியைத் தாண்டவிடாது, சொம்பு பிழைக்கும். வெறுஞ்சொம்பை வைத்தால் அவ்வளவுதான். நான் முதலில் நெருப்பைச் சரிபார்க்கலாம் என்று வெறுஞ்சொம்பை வைத்தேன்.

முதலில் அடி லேசாக மினுங்கியது. அழகாக இருக்கிறதே என்று குனிந்து பார்த்தேன். மினுங்கின இடம் ஒரு தொப்பை மாதிரி கீழே தொங்கியது. பாதரசம் மாதிரி ஒரு முத்து இறங்கி நேரே திரியின் தலையில் விழுந்து 'சொய்ங்' என்று விளக்கை அணைத்தது. தன் உயிரைக் கொடுத்து நெருப்பை அணைத்த ஒரே பாத்திரம் அதுதான். பாட்டி அடிக்கவில்லை. மூன்று நாள் சாற்றமுது வைக்கவில்லை. அடித்திருக்கலாம்.

இப்போது பரிசோதனைக்கு வருகிறேன். ஆடி மாசம், மொட்டைமாடி, சாயங்காலம். கோதாவில் நான்கு பேர். பித்தளை, டைட்டானியம், கோலா டப்பா அலுமினியம், கடைசி நிமிஷத்தில் நான் சேர்த்த உள்ளூர் வேட்பாளர்: பரணில் கிடந்த பழைய தகரப் பெருங்காய டப்பா. அமெரிக்காவில் பூனைத் தீனி டப்பாவை ஓட்டை போட்டு அடுப்பு செய்வது பிரசித்தமாம். நம் டப்பா பூனைக்குக் குறைந்ததா?

ஸ்பிரிட்டுக்கு எங்கே போவது? அதுவும் பரணிலேயே கிடைத்தது. 2020-ல் பயத்தில் வாங்கிக் குவித்த சானிடைசர் மூன்று பாட்டில். எத்தனால் 80 சதவீதம் என்று லேபிளிலேயே போட்டிருக்கிறது. ராஜாஜி காலத்துக்குப் பிறகு வாசல்தோறும் ஸ்பிரிட்டை வைத்து, கை நீட்டினால் ஊற்றின ஒரே வருஷம் அது. கிளிசரின் கொஞ்சம் சேர்ப்பதால் எரிந்து முடிந்ததும் அடியில் பிசுக்கு நிற்கும். பரவாயில்லை.

சாராயத்தில் கொதித்த தண்ணீர் மடிக்கு ஆகுமா என்று கேட்டதற்கு, "அக்னி பகவானுக்கு எதுவும் தோஷமில்லை. ஆனா அந்த பாட்டில் சமையலுள்ள வரப்படாது" என்று அத்தை தீர்ப்புச் சொல்லியிருந்தாள். மேலே வந்து நாற்காலியில் உட்கார்ந்து திருப்பாவையை ஆரம்பித்தாள். தினமும் இந்த வேளையில் சொல்வது. முப்பது பாட்டு. எனக்கு அதைவிட நல்ல ஸ்டாப்வாட்ச் கிடைக்கவில்லை. ஒவ்வொன்றாகப் பற்றவைத்தேன், ஒவ்வொன்றுக்கும் அத்தை முதலிலிருந்து ஆரம்பித்தாள். நான்கு நடை திருப்பாவை ஒரே சாயங்காலத்தில். புண்ணியம் அடுப்புக்கா எனக்கா தெரியாது. ஆளுக்குக் கால் லிட்டர் தண்ணீர், மூன்று மேசைக்கரண்டி சானிடைசர். கொஞ்சம் தாராளம்தான்.

டைட்டானியம் எட்டாம் பாட்டில் கொதித்தது. மெல்லிசுத் தகடு, தன்னைச் சூடாக்கிக்கொள்ள நேரமே எடுக்காமல் பாய்ந்து எரிந்தது. பதினான்காம் பாட்டில் காலி. ஊற்றினதையெல்லாம் குடித்துவிட்டு இன்னும் வேண்டும் என்று நிற்கிற ரகம். நம் கன்னியாகுமரி மணவாளக்குறிச்சி மணலிலேயே டைட்டானியத் தாது கொட்டிக் கிடக்கிறது. 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் அந்த மணலில் காஸ் விளக்கு மேண்டிலுக்கான மோனசைட்டைத்தான் தேடிப் பிடித்தார். கூடவே கிடந்த டைட்டானியத் தாது பெரும்பாலும் வெள்ளைப் பெயின்ட்டுக்குப் போகிறது. சுவரில் அடிக்கவேண்டியதை அடுப்பாக்கினால் இந்த விலைதான்.

அலுமினியம் பத்தாம் பாட்டு. பேர் சொல்லும்படி எரிந்தது. இந்த உலோகத்துக்கும் நமக்கும் பழைய உறவு. 1898-ல் ஆல்ஃபிரட் சாட்டர்டன் சென்னை ஓவியப் பள்ளியில் அலுமினியப் பாத்திரம் செய்ய ஆரம்பித்தபோது, இவ்வளவு இலேசாக இருக்கிறதே, இது பாத்திரமா பொம்மையா என்று ஜனங்கள் தயங்கியிருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன். என் பாட்டி கடைசிவரை அலுமினியத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தாளே தவிர அடுப்பில் ஏற்றவில்லை.

பித்தளை பன்னிரண்டாம் பாட்டு. கனம் அதிகம், சூடாக நேரம் எடுத்தது, ஆனால் ஒரு தடவை பிடித்தால் ஆடாமல் அசையாமல் ஒரே சீராக. இந்த அடுப்புகளின் சூட்சுமமே இதுதான். நெருப்பின் சூடு சுவர்வழியாகக் கீழே இறங்கி, உள்ளே இருக்கிற ஸ்பிரிட்டை அதன் கொதிநிலையான 78 டிகிரிக்குக் கொண்டுபோனால்தான் ஆவி ஓட்டைவழியே சீறும். வெப்பத்தைக் கடத்துவதில் செம்புக்கு 400 மார்க் என்றால் அலுமினியத்துக்கு 237, பித்தளைக்கு நூற்றிச் சொச்சம், டைட்டானியத்துக்கு வெறும் 22, எவர்சில்வருக்கு 15. அந்த 22-ஐ வைத்துக்கொண்டு டைட்டானியம் முதலில் வந்தது, தகடு மெல்லிசு என்பதால்தான். படிப்பில் சுமார், ஓட்டத்தில் முதல். அப்படிப் பையன்கள் உண்டு.

பெருங்காய டப்பாவைப் பற்றி என்ன சொல்ல! பற்றவைத்ததும் நாற்பது வருஷத்து வாசனை மாடி முழுக்க எழுந்தது. பக்கத்து மாடியில் துணி எடுக்க வந்த மாமி, "யாராத்துல சாம்பார்?" என்று கேட்டார். வாசனை வந்ததே தவிர தண்ணீர் இருபத்தேழாம் பாட்டு வரைக்கும் ஓரத்தில் முத்துமுத்தாகக் குமிழி விட்டுக்கொண்டிருந்தது. அந்தக் கூடாரைப் பாட்டுக்கு அக்காரவடிசில் வேண்டும், இங்கே வெந்நீருக்கே வழியில்லை. அணைந்துவிட்டது என்று நினைத்தேன். மேற்கே வெயில் இன்னும் இருந்தது. ஸ்பிரிட் நெருப்பு வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. கொஞ்சம் சேர்த்து ஊற்றலாம் என்று பாட்டிலைச் சாய்த்தேன்.

புருவம் முளைத்துவிடும் என்கிறார்கள். வலது பக்கம் மட்டும்தான். பாட்டில் கையில் வெடிக்காதது அரங்கன் கடாட்சம். யாரும் இந்தத் தப்பைச் செய்யாதீர்கள். அணைந்ததா இல்லையா என்று கையால் காற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஆறவிட்டு, அப்புறம் ஊற்றுங்கள்.

மறுநாள் பிள்ளையாண்டான் காட்டு நிலைமையில் சோதிக்க வேண்டும் என்று கொள்ளிடக் கரைக்கு இழுத்துப்போனான். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று நம் ஆட்கள் சொல்லி வைத்ததை அவனுக்கு யாரும் சொல்லவில்லை. அலுமினிய அடுப்பைப் பையிலிருந்து எடுத்து மணலில் வைத்தான், பாட்டிலை எடுக்கத் திரும்பினான், திரும்பிப் பார்த்தால் அடுப்பு இல்லை. கொஞ்ச தூரத்தில் ஒரு நாய் அதைத் துரத்திக்கொண்டு ஓடியது. பதினான்கு கிராமின் லாபம் இது. டைட்டானியம் நின்றது, நெருப்பு நிற்கவில்லை. பித்தளையைக் குழி பறித்து, சுற்றிலும் செங்கல் வைத்து மறைத்து ஏற்றினோம், எரிந்தது. செங்கல்லின் எடையைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று அவன் கேட்டுக்கொண்டான்.

இத்தனைக்கும் பிறகு இதை எங்கே கொண்டுபோவது? ரயிலில் எரிபொருள் கொண்டுபோனால் ரயில்வே சட்டம் 164-ஆம் பிரிவு, மூன்று வருஷம் வரை ஜெயில் அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், இரண்டும்கூட. விமானத்தில் பாட்டிலை வாசலிலேயே பிடுங்கிக்கொள்வார்கள். பச்சைமலைக்கோ கொல்லிமலைக்கோ போகலாம் என்றால் காப்புக்காட்டுக்குள் தீ மூட்டுவது குற்றம், நியாயமான குற்றம். திருவெறும்பூரில் பெல் ஆலை 1965-லிருந்து மலை மலையாக பாய்லர் செய்து அனுப்புகிறது. உலகத்துக்கே அடுப்பு மூட்டுகிற ஊரில் நூறு கிராம் அடுப்புக்கு எரிய இடம் என் மொட்டைமாடி மட்டும்.

என் ஓட்டு பித்தளைக்கு. சீர் எரிச்சலுக்காகக்கூட இல்லை, அந்தத் திருகு மூடிக்காக. மிச்ச ஸ்பிரிட்டை அதிலேயே மூடி வைத்துக்கொள்ளலாம். ஆறின பிறகு மூட வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே இருக்கிற ரப்பர் வளையம் போய்விடும். மற்ற எதிலும் மிச்சத்தைக் காப்பாற்ற முடியாது, எரிந்து தீரும்வரை பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். மிச்சம் வீணாவதை எங்கள் வீட்டில் யாரும் பார்த்துக்கொண்டு நிற்க மாட்டார்கள். மாடியில் சோதித்த அன்று மாலை பித்தளை அடுப்பில் கொதித்த வெந்நீரில் டிகாக்ஷன் இறக்கி அத்தைக்குக் காபி கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "நன்னாத்தான் இருக்கு. வட்டிலைத் தேச்சு வை" என்றாள்.

பிள்ளையாண்டான் ஊருக்குப் போய்விட்டான். டைட்டானியம் அடுப்பு இங்கேதான் இருக்கிறது. வேண்டுகிறவர்கள் சாயங்காலத்தில் வந்து எடுத்துக்கொள்ளலாம், காசு வேண்டாம். சானிடைசர் தீர்ந்துவிட்டது.